மேபல் பால்மர் அம்மையார்



இன்று நாம் நினைவுகூர எடுத்துக்கொண்டவர் அரசியோ, மகானோ அல்ல. முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சீர்செய்யும் வைத்தியம் பயின்ற ஒரு பெண்மணி. அமெரிக்காவில், அயோவா மாகாணத்து டேவன்போர்ட் நகரில் வாழ்ந்த மேபல் பால்மர் அம்மையார் (1881-1949).

இவர் 1904-ல் விவாகமாகி, 1905-ல் அவ்வைத்தியத்தில் பட்டம் பெற்று, 1906-ல் ஒரு மகனுக்குத் தாயானார். பெண் பிள்ளை பெற்றால் படிப்பு போயிற்று என்பார்களே, இவரோ பிள்ளையையும் வளர்த்துக்கொண்டு, குடும்பத்தார் நடத்திய பள்ளியில் பல்லாண்டு காலம் ஆண் பெண் இருபாலாருக்கும் எலும்பையும் நரம்பையும் பற்றிக் கற்பித்தார். 1918-ல் சரீர சாஸ்திரப் பாடநூலும் எழுதினார். அந்நாட்டுப் பெண்களின் ஓட்டுரிமை அரசியல் சட்டத்தில் ஏறியதே 1920-ல்தான் என்பதை யோசித்துப் பாருங்கள்!

ஆனால் நல்லவர்கள் நம்பினார்கள் என்பதற்காக நாமும் நம்பிவிடலாமா? வியாதிகளில் 100-க்கு 95 முதுகெலும்பு பிசகுவதால் வருவதே என்றார், இம்முறையை உண்டாக்கிய அவருடைய மாமனார். அதற்கு ருஜு கிடையாது. இடுப்பு வலி போன்றவற்றுக்கு ஓரளவு குணம் தெரிகிறது; அவ்வளவே.

ஆகவே கொள்கையை அறிவால் சோதிப்போம். உழைப்பைத் தாராளமாய்ப் பாராட்டுவோம். அவர் படத்துக்கு மாலை போடுவதைவிட, பிள்ளை பெற்ற பிறகும் படிக்க ஆசைப்படும் நம் வீட்டுப் பெண்ணுக்குக் குறுக்கே நில்லாமலிருப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை என்போம்.