படித்ததும் புரிந்ததும்



பாடத்தைப் பிழையின்றி ஒப்பிக்கும் பிள்ளையை நாம் மெச்சுகிறோம். புரிந்ததா என்று கேட்பதில்லை. அமெரிக்க உளவியல் அறிஞர் எலன் மார்க்மன் 1979-இல் வெளியிட்ட ஆய்வில் பள்ளிச் சிறுவர்க்கு ஒரு பத்தியைத் தந்தார். கடலின் அடியாழத்தில் ஒளியே இல்லை என்றது அது. அங்குள்ள சில மீன்கள் இரையை நிறத்தால் அறிகின்றன என்றும் சொன்னது. காரிருளில் நிறம் தெரிவது எங்ஙனம்? கேளாமலே கடந்தவர் பலர். சொற்கள் கடினமானவையல்ல; தமக்குப் புரியவில்லை என்பதே அவர்களுக்குப் புலப்படவில்லை. தன் அறிதலைத் தானே கண்காணிக்கும் ஆற்றலை 'அறிதலை அறிதல்' எனலாம்.

வசதியுள்ள வீட்டில் ஐயம் தீர்க்கப் படித்த தந்தையுண்டு, தனி ஆசிரியருண்டு. நம் வீடுகள் பலவற்றில் முதன்முதலாகப் புத்தகம் ஏந்தும் கையே பிள்ளையின் கைதான். வகுப்பிலோ, 'புரியவில்லை' என்றால் 'உனக்கெதற்குப் படிப்பு' என்னும் ஏளனத்துக்கு அஞ்சி வாய்மூடியவர் நம்மில் எத்தனை பேர்! அம்மௌனம் பழகிப்போய், தன்னைத் தானே வினவுவதும் நின்றுவிடுகிறது. இதனை மந்தபுத்தி என்பது வீண்பழி.

பாலின்சார், பிரௌன் என்னும் இருவர் 1984-இல் ஒரு பயிற்சியை விளக்கினர். சிறு குழுவாக அமர்ந்து படித்து, பகுதிதோறும் சுருங்கச் சொல்லி, வினா எழுப்பி, ஐயம் தெளிந்து, மேல்வருவதை ஊகிக்க வேண்டும். ஆசிரியர் செய்துகாட்டியபின் மாணவரே முறைவைத்து ஆசிரியராவர். நம் மாலை வகுப்பில் இதனைத் தொடங்குவோம். வழிநடத்த விரும்பும் மூத்த மாணவர் இன்றே செயலாளரிடம் பெயர் தருக.