கிணற்றில் சேர்க்கும் முன்…

(அறக்கட்டளைக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நன்னி மவுத்தான பிறகு அவர் பெட்டியில் அரபு எழுத்தில் பழைய தாள்கள் இருந்தன. குர்ஆன் தாள்கள் என்று நினைத்து, மரியாதையாகப் பாழுங்கிணற்றில் சேர்த்துவிட்டார்கள். தப்பியது ஒரு தாள். மதரஸாவில் ஓதிய பின் அதை வாசித்தேன். எழுத்துதான் அரபு, மொழி தமிழ்! நன்னி கைப்பட எழுதிய கஷாயக் குறிப்பு. அவரைப் படிக்காதவர் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம்.

ஆப்பிரிக்காவில் மாலி நாட்டுத் திம்புக்டு நகரிலும் அரபு எழுத்தில் அரபு நூல்களும் உள்ளூர் மொழி நூல்களும் உண்டு. தலைமுறைகளாக அவற்றைக் காத்தவை குடும்பங்கள். 2012-இல் ஆயுதக் குழுக்கள் ஊரைப் பிடித்தபோது, இரும்புப் பெட்டிகளில் ரகசியமாகத் தலைநகர் பமாகோவுக்குக் கொண்டு சேர்த்தார்கள்.

நம் தமிழ்நாட்டில், கோட்டையூர் ரோஜா முத்தையா தனியாளாகச் சேர்த்த சுமார் ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும்தான் 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின.

ஆகவே, எந்தத் தாளையும் கிணற்றில் சேர்க்கும் முன் ஹஜ்ரத்திடம் காட்டுங்கள். அரபுத்தமிழ் என்றால் நம் அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் முன்னிலையில் படமெடுத்துத் திருப்பித் தருவோம். அல்லாஹ் நல்லுதவி புரிவானாக, ஆமீன்.