ஊர் ஊராகச் செல்லும் சிறப்பாசிரியர்கள்

பார்வையற்ற குழந்தைக்குக் கல்வி என்றால் அது விடுதியுடன் கூடிய தனிப்பள்ளியில்தான் கிடைக்கும் என்னும் எண்ணம் தமிழ்நாட்டில் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. பாளையங்கோட்டையில் 1890ஆம் ஆண்டு ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பள்ளியும், 1931இல் தொடங்கி இன்று பூவிருந்தவல்லியில் இயங்கும் அரசுப் பள்ளியும், தாமே பார்வையற்றவரான எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985இல் மதுரையில் நிறுவிய இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தின் பள்ளியும் செய்த பணி பெரியது. அவை இல்லாதிருந்தால் இன்று கல்லூரிகளிலும் வங்கிகளிலும் பணியாற்றும் பார்வையற்றோர் பலர் எழுத்தறிவே பெற்றிருக்க மாட்டார்கள். ஆயினும் திண்டுக்கல்லைச் சுற்றிய சிற்றூர் ஒன்றில் பிறந்த ஐந்து வயதுக் குழந்தை, தாயின் குரலும் தெருவின் ஓசையும் பழகிய வீட்டை விட்டு, அறுபது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள விடுதிக்குச் சென்றால்தான் எழுத்தறிய முடியும் என்பது அந்தக் குழந்தையிடம் கேட்கப்படும் மிகப் பெரிய விலை. அந்த விலையைத் தராமலேயே, அண்ணனும் அக்காளும் படிக்கும் அதே ஊர்ப் பள்ளியில் குழந்தை படிப்பதற்கு வழிசெய்வோர் சிறப்பாசிரியர்கள். அரசு ஆவணங்கள் இவர்களைச் சிறப்புப் பயிற்றுநர்கள் என்று குறிக்கின்றன.

பொதுப்பள்ளியில் பார்வையற்றவரைச் சேர்க்கும் முயற்சி அண்மையில் தோன்றியதன்று. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1900ஆம் ஆண்டிலேயே பொதுப்பள்ளி ஒன்றில் பார்வையற்ற மாணவர்களுக்கான வகுப்பு தொடங்கப்பட்டது. அதற்கு அமர்த்தப்பட்ட ஜான் கர்டிஸ் என்னும் ஆசிரியரும் பார்வையற்றவர். இந்தியாவில் 1974ஆம் ஆண்டு ஒன்றிய அரசு ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. இன்று வழங்கும் உள்ளடக்கிய கல்வி என்னும் கருத்து அதனினும் ஒரு படி மேலானது. குழந்தை பள்ளிக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பாராமல், பள்ளி குழந்தைக்கேற்பத் தன் கற்பிக்கும் முறையையும் கட்டடத்தையும் தேர்வையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே அதன் பொருள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைக் கடமையாக்கியிருப்பதோடு, பிரெய்ல் அறிந்த ஆசிரியர்களை, மாற்றுத்திறனாளி ஆசிரியர்கள் உட்பட, பயிற்றுவித்துப் பணியமர்த்த வேண்டும் என்றும் கூறுகிறது.

திண்டுக்கல் மாவட்டத்தில் பதினான்கு ஒன்றியங்கள் உள்ளன. ஒன்றியந்தோறும் அமைந்த வட்டார வள மையம் என்னும் அலுவலகத்தை இருப்பிடமாகக் கொண்டு, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்பாசிரியர்கள் பள்ளி பள்ளியாகச் செல்கிறார்கள். கல்வியியலில் இதற்குப் பயண ஆசிரியர் முறை என்று பெயர். கொடைக்கானல் மலையை விட்டுவிட்டுச் சமவெளியை மட்டும் நோக்கினாலும், வேடசந்தூர், வடமதுரை, குஜிலியம்பாறைப் பகுதிகளில் மானாவாரி நிலங்களுக்கிடையே வீடுகள் சிதறிக் கிடக்கின்றன. ஒரு பள்ளியில் பார்வைக் குறைபாடுள்ள குழந்தை ஒன்றோ இரண்டோ இருந்தால் அதுவே மிகுதி. ஆகவே அக்குழந்தைகளை ஓரிடத்தில் கூட்டி வகுப்பு நடத்த இயலாது; ஆசிரியர்தான் பேருந்தும் இருசக்கர வண்டியுமாக அவர்களைத் தேடிச் செல்ல வேண்டும். பெற்றோரில் பலர் நூற்பாலைகளில் முறைவேலை செய்வோர், அல்லது நிலக்கோட்டைப் பக்கத்தில் விடியுமுன் மல்லிகை பறிக்கச் செல்வோர். அவர்களிடம் வீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள் என்று கூறுவது எளிது, அவர்களால் அது முடிவது அரிது.

யார் பார்வையற்றவர் என்பதைச் சட்டம் அளவுகளால் வரையறுக்கிறது. கண்ணாடி அணிந்த பின்னும் நல்ல கண்ணின் பார்வை 3/60க்குக் குறைவாக இருப்பின், அதாவது இயல்பான கண் 60 மீட்டரில் காண்பதைக் காண 3 மீட்டருக்குள் வர வேண்டியிருப்பின், அல்லது பார்வைப் பரப்பு 10 பாகைக்குக் குறைவாக இருப்பின் அது பார்வையின்மை. பார்வை 6/18க்குக் கீழே இறங்கி 3/60 வரை இருப்பது குறைபார்வை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இந்த அளவுகள் போதும், வகுப்பறைக்குப் போதா. விழித்திரை நிறமிச் சிதைவு என்னும் நோயுள்ள சிறுவன் நண்பகலில் பந்து விளையாடிவிட்டு, மாலையில் மங்கிய வகுப்பறைக்குள் தடுமாறுவான். நோயின் இயல்பை அறியாதவர்கள் அவன் நடிப்பதாக நினைத்துவிடுவார்கள். எஞ்சியுள்ள பார்வை எவ்வளவு, அது எந்த ஒளியில், எந்தத் தொலைவில், எந்த அளவு எழுத்துக்குப் பயன்படும் என்று நாள் கணக்கில் உடனிருந்து கண்டறிவது சிறப்பாசிரியரின் முதல் வேலை. பெரிய எழுத்துப் புத்தகம், சாய்வு மேசை, கரும்பலகைக்கு அருகில் கண் கூசாத இடம் ஆகியவற்றால் படித்துவிடக்கூடிய குழந்தைக்குப் பிரெய்லைத் திணிப்பதும், படிக்க முடியாத குழந்தையை உற்றுப் பார்க்கச் சொல்லி வருத்துவதும் ஒருசேரத் தவறு.

பிரெய்ல் என்பது 1824ஆம் ஆண்டு, பதினைந்து வயது நிரம்பிய லூயி பிரெய்ல் என்னும் பிரெஞ்சு மாணவர் உருவாக்கிய தொட்டுப் படிக்கும் எழுத்துமுறை. இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3 என்றும் வலப்பக்கம் 4, 5, 6 என்றும் எண்ணப்படும் ஆறு புள்ளிகளில் எவை மேலெழுந்திருக்கின்றன என்பதே எழுத்தைத் தீர்மானிக்கிறது. இந்திய மொழிகள் பெரும்பாலும் ஓரொலிக்கு ஒரே புள்ளியமைப்பைப் பயன்படுத்தும் பாரதி பிரெய்ல் முறை 1951இல் ஏற்கப்பட்டது. தமிழ்ப் பிரெய்லில் ககரம் 1, 3 ஆகிய புள்ளிகளால் ஆனது. ஆங்கிலத்தின் கே என்னும் எழுத்துக்கும் அதே புள்ளிகள்தாம் என்பதால் இரு மொழிகளையும் ஒரே விரல் நினைவு தாங்குகிறது. ககரத்தின் முன் நான்காம் புள்ளியைத் தனியே இட்டால் அது க் என்னும் மெய்யாகும். அச்செழுத்தில் கொம்பு முன்னும் கால் பின்னுமாக அமையும் கொ என்னும் எழுத்து, பிரெய்லில் க, அடுத்து ஒ என்று ஒலிக்கும் வரிசையிலேயே அமைந்துவிடுகிறது. பார்வையுள்ள சிறுவர்களைத் திணறவைக்கும் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்புக் குழப்பம் பிரெய்ல் கற்கும் குழந்தைக்கு இல்லை.

ஆனால் வேறொரு தொல்லை உண்டு, அதுவே சிறப்பாசிரியரின் நேரத்தை மிகுதியாகக் கேட்பது. திண்டுக்கல் வட்டாரப் பேச்சில் னகரமும் ணகரமும், ரகரமும் றகரமும், லகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. பார்வையுள்ள குழந்தை பேருந்தின் பெயர்ப்பலகையிலும் கடை விளம்பரத்திலும் சுவரொட்டியிலும் அவற்றின் வேறுபாட்டை நாள்தோறும் கண்ணால் பார்த்தே பழகிவிடுகிறது. காதால் மட்டும் கற்கும் குழந்தைக்குப் பள்ளியும் பல்லியும் ஒரே சொல்லாகவே பதியும். இந்த வேறுபாட்டை உணர்த்தக்கூடியவை விரல்களே. லகரம் இடப்பக்க மூன்று புள்ளிகள், ளகரம் வலப்பக்க மூன்று புள்ளிகள், ழகரம் நான்காம் புள்ளி தவிர்த்த ஐந்து. ணகரம் 3, 4, 5, 6, னகரம் 5, 6 மட்டும். லகரமும் ளகரமும் தனித்து நின்றால் விரலுக்கு ஒரே நேர்கோடுதான். அவற்றின் இருபுறமும் உள்ள எழுத்துகளோடு சேர்த்துத் தொடும்போதே எது எது என்பது துலங்கும். இது விதியாகக் கற்றுவிடக்கூடியதன்று; வரி வரியாகத் தடவிப் படித்த பழக்கத்தால் மட்டுமே வருவது. எழுதும்போதோ பிரெய்ல் பலகையில் தாளைச் செருகி, எழுத்தாணியால் வலமிருந்து இடமாக, புள்ளிகளை இடவலம் மாற்றிக் குத்த வேண்டும். தாளைத் திருப்பிய பிறகே அது இடமிருந்து வலமாகப் படிக்கக் கிடைக்கும். ஆறு, ஏழு வயதில் நாள்தோறும் பழகினால் இத்தனையும் இயல்பாகிவிடும். கிழமைக்கு ஒரு நாள் வந்துபோகும் ஆசிரியரால், அவர் எத்தனை திறமையுடையவராயினும், இதை முழுமையாகத் தந்துவிட முடியாது. பயண ஆசிரியர் முறையின் பெருங்குறை இங்கேதான் இருக்கிறது.

அதனால்தான் நல்ல சிறப்பாசிரியர் குழந்தைக்குக் கற்பிப்பதோடு வகுப்பாசிரியருக்கும் கற்பிக்கிறார். கரும்பலகையைச் சுட்டி, இதையும் இதையும் கூட்டினால் இது வரும் என்று ஆசிரியர் சொன்னால் பார்வையற்ற மாணவிக்கு அந்த ஐந்து நிமிடமும் வீண். எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினால் அவளும் மணிச்சட்டத்தில் அதே கணக்கைப் போட்டுவிடுவாள். மணிச்சட்டம் என்பது, கைபட்டால் மணிகள் தாமாக நகராதபடி 1960களின் தொடக்கத்தில் டிம் கிரான்மர் என்பவர் பார்வையற்றோருக்காக மாற்றியமைத்த அபாகஸ். வடிவியலுக்கு நூலும் குண்டூசியும் அட்டையும், நிலப்படத்துக்குப் பசையும் மணலும் போதும். தமிழ்நாட்டில் 2022 முதல் நடைபெறும் எண்ணும் எழுத்தும் திட்டம் படங்களையும் அட்டைகளையும் பெரிதும் நம்பியது. அவற்றைத் தொட்டுணரும் பொருள்களாக மாற்றித் தரும் வேலையும் இவர்களுடையதே.

பாடத்துக்கு வெளியிலும் கற்பிக்க வேண்டியவை உள்ளன. வகுப்பறை வாசலிலிருந்து தண்ணீர்க் குழாய்க்கும் கழிப்பறைக்கும் துணையின்றிச் சென்று திரும்புவது, வெண்கோலை ஊன்றுகோலாகக் கருதாமல் அடுத்த அடியை முன்கூட்டி அறியும் கருவியாக வீசி நடப்பது, காலை உணவுத் தட்டில் சாம்பார் எந்தப் பக்கம் என்று கையால் துழாவாமல் அறிவது ஆகிய இவற்றை இட உணர்வும் நடமாட்டப் பயிற்சியும் என்று துறையினர் குறிப்பிடுகின்றனர். இப்பயிற்சி பெறாத சிறுமியைக் கைபிடித்து அழைத்துச் செல்லத் தோழியர் என்றும் இருப்பார்கள். அந்த அன்பு போற்றத்தக்கது, ஆனால் தோழி விடுப்பெடுத்த நாளில் அவள் காலை முதல் மாலை வரை தண்ணீரும் குடியாமல் அமர்ந்திருக்க நேரும்.

கைப்பேசி படித்துக்காட்டும் இக்காலத்தில் பிரெய்ல் எதற்கு என்ற வினா அலுவலர்களிடமும் பெற்றோரிடமும் கேட்கிறது. கைப்பேசியின் திரைவாசிப்பான் மேல்வகுப்பு மாணவருக்குப் பெருந்துணை என்பதில் ஐயமில்லை. ஆனால் முதல் ஐந்து வகுப்புகளில் கேட்டே கற்று, பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர் துணையோடும் கூடுதலாகக் கிடைக்கும் ஒரு மணி நேரத்தோடும் தேறிவிடும் மாணவர், தம் பெயரையும் எழுத்துக்கூட்டி அறியாமல் பள்ளியை முடிக்கக்கூடும். அது சான்றிதழ் பெற்ற எழுத்தறிவின்மை. அதை ஏற்றுக்கொள்ள இயலாது.

இத்தனை பொறுப்பைச் சுமப்பவர்கள் தொகுப்பூதியத்தில், அதாவது பணிநிலைப்பும் ஓய்வூதியமும் இல்லாத மாத ஊதியத்தில் பணியாற்றுகிறார்கள். அறிவுசார் குறைபாட்டைச் சிறப்புப் பாடமாகப் படித்தவர் பார்வையற்ற குழந்தையையும், பிரெய்ல் அறிந்தவர் காதுகேளாத குழந்தையையும் சேர்த்தே கவனிக்க வேண்டிய நிலையும் உண்டு. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில், பொதுப்பள்ளிகளுக்கான சிறப்பாசிரியர் விகிதத்தை வரையறுக்குமாறு ஆணையிட்டது. அதன்பின் 2022இல் ஒன்றிய அரசு, தொடக்க நிலையில் பத்து மாற்றுத்திறனாளி மாணவருக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து மாணவருக்கு ஒருவர் என அறிவித்தது. 2025 மார்ச்சிலும் பணியிடங்களை ஒதுக்கி நிரப்புமாறு மாநிலங்களுக்கு நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்த வேண்டியிருந்தது. குழந்தைகள் சிதறி வாழும் திண்டுக்கல் போன்ற பகுதிக்குத் தலைக்கணக்கு மட்டும் போதாது. பள்ளிகளுக்கிடையேயான தொலைவும் பயண நேரமும் கணக்கில் வர வேண்டும், பிரெய்ல் கற்கும் பருவத்துக் குழந்தைக்கு நாள்தோறும் ஒரு பாடவேளையேனும் உறுதியாக வேண்டும். இது சலுகை கேட்பதன்று, சட்டம் ஏற்கெனவே தந்ததைக் கேட்பது.

இவ்வுரையைக் கேட்போரின் தெருவில் கண் தெரியாத, அல்லது பொருள்களை முகத்தருகே பிடித்துப் பார்க்கும் குழந்தை பள்ளிக்குச் செல்லாமல் இருக்குமானால், அருகிலுள்ள அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடமோ வட்டார வள மையத்திலோ அக்குழந்தையின் பெயரைச் சொல்லிவிடுமாறு வேண்டப்படுகிறது. பார்வைக் குறைபாட்டைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்க எந்த அரசுப் பள்ளிக்கும் உரிமை இல்லை. 6 வயது முதல் 18 வயது வரை அக்குழந்தைக்குக் கட்டணமில்லாக் கல்வி சட்டப்படி உரியது.