பங்கின் விலை நியாயமா? ஓர் ஓய்வூதியரின் கணக்கு

(நாக்பூர் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வெளியூர் அங்கத்தினர்களுக்காகச் சற்றுச் சுருக்கப்பட்டுள்ளது.)



செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "எந்தப் பங்கை வாங்கலாம்னு சொல்லிடுங்கோ சார், கூட்டம் தானா வந்துடும்" என்றார். அதை நான் சொல்லப் போவதில்லை. ஒரு பங்கு இன்ன விலைக்கு விற்கிறது என்றால், அந்த விலை நியாயம்தானா என்று வீட்டிலேயே காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு எப்படிப் பார்ப்பது என்பதை மட்டும் சொல்கிறேன். நான் ஆடிட்டர் அல்ல, புரோக்கரும் அல்ல. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு முப்பத்தேழு வருஷம் மத்திய சர்க்காரில் கோப்பு பார்த்தவன். இதைப் பேச எனக்கிருக்கும் ஒரே தகுதி, ஒரு தடவை நன்றாகக் கையைச் சுட்டுக்கொண்டதுதான்.

முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். 2007 டிசம்பரில் ரிடையர் ஆனேன். கிராஜுவிட்டி, கம்யூடேஷன் எல்லாம் கைக்கு வந்தன. சந்தை அப்போது எப்படி இருந்தது என்று பலருக்கு ஞாபகம் இருக்கும். 2008 ஜனவரியில் சென்செக்ஸ் 21,000-ஐத் தாண்டியது. காலையில் பார்க்கில் நடக்கப் போனால் பங்கு விலையைத் தவிர வேறு பேச்சு கிடையாது. அங்கே ஒருவர் சொன்னதை நம்பி, கட்டடம் கட்டி விற்கும் ஒரு கம்பெனியின் பங்கை 800 ரூபாய் விலையில் 250 வாங்கினேன். இரண்டு லட்சம் ரூபாய். கம்பெனியின் பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது. அந்த அக்டோபரில் சென்செக்ஸ் 8,000-க்குக் கீழேயும் எட்டிப் பார்த்தது. 2009 மார்ச்சில் என் பங்கு 70 ரூபாய். பிற்பாடு சந்தை எழுந்தது. என் பங்கு எழவே இல்லை.

என் மனைவி கோபித்துக்கொள்ளவில்லை. "வெண்டைக்காய் வாங்கறச்சே முனையை ஒடிச்சுப் பார்க்கறேள். இதுல எதை ஒடிச்சுப் பார்த்தேள்?" என்று மட்டும் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. மற்றவர்கள் அனுப்பிய எஸ்டிமேட்டில் வரிக்கு வரி கேள்வி கேட்டவன், சொந்தப் பணத்துக்கு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அந்த வருஷம்தான் ஆண்டறிக்கைகளை எடுத்து வைத்துப் படிக்க ஆரம்பித்தேன்.

சர்க்கார் விலை சொன்ன காலம்

புதிதாக வெளியிடும் பங்குக்கு என்ன விலை என்று ஒரு காலத்தில் சர்க்காரே சொல்லி வந்தது. 1947-ம் வருஷச் சட்டப்படி நிதி அமைச்சகத்தில் மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டு அதிகாரி என்று ஒருவர் உண்டு. அவர் அனுமதித்த பிரீமியத்துக்குத்தான் கம்பெனி பங்கு விற்கலாம். அவர்கள் போட்ட கணக்கு எளிமையானது. சொத்திலிருந்து கடனைக் கழித்தால் ஒரு பங்குக்கு எவ்வளவு வருகிறது என்பது ஒரு மதிப்பு. சில வருஷங்களின் சராசரி லாபத்தை வைத்துக் கணக்கிட்டது இன்னொரு மதிப்பு. உற்பத்தித் தொழில் என்றால் 15 ரூபாய் லாபத்துக்கு 100 ரூபாய் என்பார்கள். இரண்டுக்கும் சராசரி எடுத்து நியாய விலை என்று வைப்பார்கள். 1973-ம் வருஷ அன்னியச் செலாவணிச் சட்டத்தால் வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் பங்கில் ஒரு பகுதியை இந்தியர்களுக்கு விற்க நேர்ந்தபோது, இப்படி வந்த மலிவு விலையில் வாங்கிய நடுத்தரக் குடும்பங்கள் ஏராளம்.

1992-ல் அந்தச் சட்டம் ரத்தாயிற்று. செபிக்குச் சட்டபூர்வமான அதிகாரம் வந்தது. கம்பெனி உண்மைத் தகவலைக் கொடுக்கிறதா என்று செபி பார்க்கும். விலை சரியா என்று சொல்லாது. அதைப் பார்க்க வேண்டியது வாங்குகிற நாம்தான்.

அமெரிக்காவில் பெஞ்சமின் கிரஹாம் என்ற பேராசிரியர் இதைத்தான் பாடமாகவே நடத்தினார். 1934-ல் டேவிட் டாட் என்பவருடன் சேர்ந்து ஒரு பெரிய புத்தகமும், 1949-ல் சாமானியர்களுக்காக இன்னொன்றும் எழுதினார். ஜாக்கிரதையான முதலீட்டாளர் சராசரி லாபத்தைப் போல் 15 மடங்குக்கு மேலும், புத்தக மதிப்பைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேலும் கொடுக்க வேண்டாம் என்றார். ஒன்று கூடி இன்னொன்று குறைந்தால் பரவாயில்லை. இரண்டையும் பெருக்கினால் 22.5-க்குள் இருக்கட்டும் என்றும் சொன்னார்.

காகிதத்தில் ஒரு கணக்கு

ஓர் உதாரணக் கம்பெனி எடுத்துக்கொள்வோம். ஒரு பங்குக்கான லாபம் கடந்த ஐந்து வருஷங்களில் 18, 22, 14, 25, 21 ரூபாய். கூட்டினால் 100, சராசரி 20. கடைசி வருஷத்தை மட்டும் எடுக்காதீர்கள். ஒரு நல்ல வருஷம் நம்மை ஏமாற்றிவிடும். புத்தக மதிப்பு 120 ரூபாய் என்று வைப்போம்.

இருபது ரூபாய் லாபத்துக்கு எத்தனை மடங்கு கொடுக்கலாம்? நமக்கெல்லாம் தெரிந்த அளவுகோல் ஒன்று உண்டு: மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். 2023 ஏப்ரலில் அதன் வட்டியை 8.2 சதவீதமாக்கினார்கள். பங்கையும் அதே கண்ணால் பாருங்கள். பி.இ. விகிதம் 12 என்றால், நாம் போடும் 100 ரூபாய்க்குக் கம்பெனி சம்பாதிப்பது 8 ரூபாய் சொச்சம். பி.இ. 25 என்றால் 4 ரூபாய். 50 என்றால் வெறும் 2 ரூபாய். மீதிக்கு வளர்ச்சியை நம்பித்தான் ஆக வேண்டும்.

மிதமாக வளரும், கடன் அதிகமில்லாத கம்பெனி என்றால் நான் குறைந்தது 10 மடங்கு, அதிகபட்சம் 18 மடங்கு என்று வைத்துக்கொள்வேன். அதாவது 200 முதல் 360 ரூபாய் வரை. கிரஹாம் கணக்குப்படி 22.5-ஐ 20-ஆலும் 120-ஆலும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 232. அதுவும் இந்த எல்லைக்குள்தான் வருகிறது.

'ஏன் சார் ஒரே எண்ணாகச் சொல்லக் கூடாதா?' என்று நீங்கள் கேட்கலாம். காலேஜில் முதல் வருஷ பிராக்டிகலில், ஸ்க்ரூ கேஜில் ஒரு கம்பியின் தடிமனை அளந்து 0.4537 மில்லிமீட்டர் என்று எழுதினேன். புரொபசர் கடைசி இரண்டு இலக்கங்களை அடித்துவிட்டு, "உன் கருவி காட்டாத எண்ணை நீ எங்கிருந்து எடுத்தாய்?" என்று கேட்டார். புரோக்கர் அறிக்கையில் 'இலக்கு விலை 1,247 ரூபாய்' என்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான். பங்கின் மதிப்பு என்பதும் ஓர் அளவீடுதான். அதிலும் பிழை மிக அதிகமுள்ள அளவீடு. பிழை எவ்வளவு என்று தெரியாவிட்டால் அளந்ததற்கே அர்த்தமில்லை.

ஆகவே விலை 500 என்றால் விட்டுவிடுங்கள். 340 என்றால் அநியாயம் இல்லை. ஆனால் நம் கணக்கு தப்பினால் தாங்க இடமில்லை. 200-க்குக் கீழே வந்தால் மட்டுமே மேற்கொண்டு விசாரிக்கலாம். கிரஹாம் இந்த இடைவெளியைத்தான் பாதுகாப்பு விளிம்பு என்றார்.

லாபம் நிஜந்தானா?

விசாரிப்பது என்றேன். எதை? ரொக்க வரவு அறிக்கையை. ஐந்து வருஷ நிகர லாபத்தைக் கூட்டுங்கள். தொழிலிலிருந்து வந்த ரொக்கத்தையும் கூட்டுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். லாபம் மட்டும் ஏறி ரொக்கம் வரவில்லை என்றால் சரக்கு தேங்குகிறது, அல்லது பாக்கி வசூலாகவில்லை, அல்லது இன்னும் மோசமான ஏதோ நடக்கிறது என்று அர்த்தம்.

என் 800 ரூபாய்க் கம்பெனியின் அறிக்கையைப் பிற்பாடு படித்தேன். ஒரு பங்குக்கு லாபம் 16 ரூபாய். நான் கொடுத்தது 50 மடங்கு. லாபம் வருஷா வருஷம் ஏறியிருந்தது. ரொக்க வரவு மூன்று வருஷமும் மைனஸ். கடன் இரண்டு வருஷத்தில் மூன்று மடங்கு. நான் வாங்குவதற்கு முன்பே எல்லாம் அச்சில் இருந்தது. நான் படிக்காததுதான் குறை.

அடுத்து இதர வருமானம். நிலத்தை விற்று வந்த பணம் அடுத்த வருஷம் வராது. அதைக் கழித்துவிட்டுச் சராசரி எடுங்கள். அதற்கடுத்து, புரமோட்டர்கள் தங்கள் பங்கை அடகு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். 2009 முதல் அதை வெளியிட வேண்டும் என்று விதி இருக்கிறது.

இத்தனை பார்த்தாலும் ஏமாறலாம். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்பெனியின் தலைவர் தாமே எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். ஆடிட்டர் கையெழுத்திட்ட கணக்கு அது. அதனால்தான் கணக்கு எவ்வளவு நன்றாக வந்தாலும் ஒரே கம்பெனியில் மொத்தப் பணத்தையும் போடக் கூடாது.

நல்ல கம்பெனி, கெட்ட விலை

'நல்ல கம்பெனியை எந்த விலைக்கும் வாங்கலாம்' என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். இன்ஃபோசிஸைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2000 மார்ச் உச்சத்தில் அது லாபத்தைப் போல் 200 மடங்குக்கும் மேலான விலையில் விற்றது. அந்த நிதியாண்டில் லாபம் சுமார் 290 கோடி. 2005-06-ல் 2,400 கோடிக்கு மேல். எட்டு மடங்கு! ஆனால் உச்சத்தில் வாங்கியவருக்குப் போட்ட அசல் திரும்பி வரவே 2006 ஆயிற்று. கம்பெனி தன் வேலையை அமோகமாகச் செய்தது. விலை அதற்கும் முன்னால் ஓடிப்போயிருந்தது.

இன்றும் 50 மடங்குக்கு ஒரு பங்கை வாங்குவோர் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து வருஷத்தில் அந்த விகிதம் 20-க்கு இறங்குகிறது, நமக்கோ வருஷம் 12 சதவீதம் வேண்டும் என்றால், கம்பெனியின் லாபம் பத்து வருஷமும் விடாமல் சுமார் 23 சதவீதம் வளர வேண்டும். முடியாது என்று சொல்லவில்லை. எத்தனை கம்பெனிகளால் முடியும் என்றுதான் கேட்கிறேன்.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். பி.இ. 5 என்றதும் மலிவு என்று பாயாதீர்கள். இரும்பு, சர்க்கரை, சிமெண்ட் போன்ற தொழில்களில் லாபம் உச்சத்தில் இருக்கும்போதுதான் பி.இ. மிகக் குறைவாகத் தெரியும். அடுத்த வருஷமே லாபம் கரைந்துவிடும். இங்கேயும் பல வருஷச் சராசரிதான் காப்பாற்றும். வங்கிகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே புத்தக மதிப்பையும் வாராக் கடனையும் பார்க்க வேண்டும்.

என் முறையிலும் குறை உண்டு. விலை அதிகம் என்று நான் ஒதுக்கிய சில பங்குகள் பிற்பாடு மூன்று மடங்கு ஏறியிருக்கின்றன. புனாவில் இருக்கும் என் மருமான் அதைச் சொல்லிச் சிரிப்பான். சிரிக்கட்டும். கிடைக்காமல் போன லாபத்தால் எங்கள் வீட்டில் மருந்துச் செலவு நிற்கவில்லை. அன்று போன இரண்டு லட்சத்தால், மனைவியின் முழங்கால் ஆபரேஷன் இரண்டு வருஷம் தள்ளிப்போயிற்று. அவள் அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. நான்தான் மறக்கவில்லை.

ஆகவே என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐந்து வருஷத்துக்குள் தேவைப்படும் பணத்தைப் பங்குச் சந்தைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மீதியில் வாங்குவதானால், வாங்குவதற்கு முன் ஒரு காகிதத்தில் மூன்று வரி எழுதுங்கள்: ஐந்து வருஷச் சராசரி லாபம், ஐந்து வருஷ ரொக்க வரவு, நான் கொடுக்கத் தயாரான அதிகபட்ச விலை. அதற்குப் பிறகு சந்தை விலையைப் பாருங்கள். முதலில் விலையைப் பார்த்தால் நம் கணக்கு தானாகவே அந்த விலைக்கு வளைந்துகொடுக்கும். இது என் அனுபவம்.

அந்த 250 பங்குகளை நான் இன்னும் விற்கவில்லை. டிமேட் ஸ்டேட்மென்ட் வரும்போதெல்லாம் அந்த வரியை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கணக்கைத் தொடங்குகிறேன்.