கேட்காத பார்சலுக்கு யார் பொறுப்பு?

(கீழச்சிவல்பட்டியில் நடந்த நுகர்வோர் கூட்டத்தில், ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் ஆற்றிய உரை.)



நான் மேடைப் பேச்சாளன் அல்ல. இந்த வட்டாரத்தில் தபால் பை சுமந்து திரிந்தவன். உங்களில் பலருடைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தவன். பார்சல் மோசடியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்று இங்குள்ள இளைஞர்கள் கேட்டபோது, மறுக்க மனம் வரவில்லை.

எங்கள் தெருவில் நடந்ததையே சொல்கிறேன். எண்பது வயதை நெருங்கும் ஆச்சி ஒருவர் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் வெளிநாட்டில். ஒருநாள் மத்தியானம் ஒரு பார்சல் வந்தது. பெயர் சரி, தெரு சரி, போன் நம்பரும் சரி. கட்ட வேண்டிய தொகை 699 ரூபாய். "எம் மகன்தான் ஏதோ அனுப்பியிருக்கான்" என்று ஆச்சி பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். பிரித்துப் பார்த்தால் சாயம் போன துணி இரண்டு துண்டு! மேலே போட்டிருந்த நம்பருக்குப் போன் செய்தால் எடுப்பாரில்லை.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "ஏம்ப்பா, நீ தபால் கொடுத்த காலத்துல இப்படி நடந்துச்சா?" என்று கேட்டார்.

ஆச்சி இந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொள்வார். அதே பார்சல் ஒரு கூலிக்காரர் வீட்டுக்குப் போயிருந்தால் என்ன கதி? நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26ஆம் ஆண்டுக்கு நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். இரண்டு நாள் வெயிலில் மண் சுமந்தாலும் 672 ரூபாய்தான். அந்த இரண்டு நாள் உழைப்பை ஓர் அட்டைப் பெட்டி விழுங்கிவிடும்.

பழைய விதி என்ன சொன்னது?

ஆச்சியின் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். எத்தர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. 1877இல் நம் நாட்டில் வி.பி.பி. முறை வந்தது. பொருளைக் கொடுத்துப் பணத்தை வசூலித்து, அனுப்பியவருக்குச் சேர்ப்பதே அந்த முறை. இதில் மோசடி நடக்கும் என்பது வெள்ளைக்காரச் சர்க்காருக்கே தெரிந்திருந்தது. ஆகவே 1898ஆம் ஆண்டு தபால் சட்டத்தில் அதற்கு ஒரு கடிவாளம் வைத்தார்கள். 'உண்மையான ஆர்டர் வந்ததன் பேரில்தான் இதை அனுப்புகிறேன்' என்று அனுப்புகிறவர் உறுதி கூறினால்தான் வி.பி.பி.யை ஏற்பது என்று விதி செய்ய அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. மோசடி என்று தெரிந்தால், வசூலித்த பணத்தை நிறுத்தி வைத்து, கட்டியவருக்கே திருப்பித் தரவும் வழி இருந்தது.

இதன் தாத்பரியம் என்ன? ஆர்டர் உண்டு என்று சொல்ல வேண்டிய பொறுப்பு அனுப்புகிறவன் தலையில் இருந்தது. இன்று என்ன நிலைமை? 2024 ஜூன் 18 முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் புதிய அஞ்சலகச் சட்டம் அமலில் இருக்கிறது. அது ஒருபுறமிருக்க, பார்சல்களில் பல தனியார் கூரியர் வழியாகவே வருகின்றன. வாசலில் நிற்கும் ஆச்சிதான், "நான் கேட்கவில்லையே" என்று வாதாட வேண்டியிருக்கிறது. பொறுப்பு இடம் மாறிவிட்டது, தோழர்களே!

மூன்று வகைப் பார்சல்கள்

முதல் வகை, ஆச்சிக்கு வந்தது போல, பணம் கேட்கும் பார்சல். வீட்டில் வயதானவர் மட்டும் இருப்பார், யாரோ சொந்தக்காரர் அனுப்பியதாக நினைப்பார் என்பதே இதன் கணக்கு. மகன் அனுப்பினால் பணத்தையும் மகனே கட்டியிருப்பானே என்று ஒரு நிமிஷம் யோசித்தால் போதும்.

இரண்டாவது வகை, பணமே கேட்காத பார்சல். 'சும்மா வந்ததுதானே' என்று சந்தோஷப்பட வேண்டாம். இதற்குப் 'பிரஷிங்' என்று பெயர். இணையக் கடைக்காரன் தானே உங்கள் பெயரில் பொய்யாக ஆர்டர் போட்டு, ஏதோ ஓர் அற்பப் பொருளை அனுப்புகிறான். பொருள் போய்ச் சேர்ந்ததாகப் பதிவானதும், உங்கள் பெயரில் தன் கடையைத் தானே புகழ்ந்து எழுதிக்கொள்கிறான். 2020 ஜூலையில் அமெரிக்காவின் பல மாகாணங்களில், கேட்காமலே விதைப் பொட்டலங்கள் வீடு தேடி வந்தன. சீனாவிலிருந்து வந்தவை போல அவற்றின் மேல் முத்திரை இருந்தது. அவை பிரஷிங் வேலையாக இருக்கலாம் என்று அந்நாட்டு விவசாய இலாகா கூறியது. அந்த ஆகஸ்டில் நம் மத்திய விவசாய அமைச்சகமும் மாநிலங்களை எச்சரித்தது. இனம் தெரியாத விதையோடு களையும் நோயும் வரலாம். விவசாயிகளே, அப்படி விதை வந்தால் மண்ணில் போடாதீர்கள், வீசியும் எறியாதீர்கள். விவசாய அதிகாரியிடம் ஒப்படையுங்கள்.

சில பெட்டிகளுக்குள் கியூ.ஆர். கோடு ஒட்டிய சீட்டு இருக்கும். 'யார் அனுப்பியது என்று அறிய இதை ஸ்கேன் செய்யவும்' என்று எழுதியிருக்கும். அதைத் தொடவே வேண்டாம்.

மூன்றாவது வகை, வராத பார்சல். போன் வரும். "உங்கள் பெயரில் வெளிநாட்டுக்குப் போகிற பார்சலில் போதைப்பொருள் அகப்பட்டது. நான் போலீஸ். போனை வைக்காதே, பணத்தை அனுப்பு" என்று மிரட்டுவார்கள். இதைத்தான் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்கிறார்கள். போனில் கைது செய்ய எந்தச் சட்டத்திலும் இடமில்லை. போனை வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள்.

கொண்டு வருகிறவர் எதிரி அல்ல

சிலர் பார்சல் கொண்டுவந்த பையனை அடிக்கப் போகிறார்கள். இது நியாயமல்ல. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது அவருக்கும் தெரியாது. பெட்ரோல் விலையையும் வெயிலையும் தாங்கிக்கொண்டு ஓடுகிற உழைப்பாளி அவர். 'வேண்டாம், திருப்பி அனுப்புங்கள்' என்று மரியாதையாகச் சொன்னால் போதும். ரத்து செய்வதற்கென்று ஓ.டி.பி. கேட்டால் மட்டும், அந்தச் செய்தியில் எழுதியிருப்பதை முழுதும் படிக்காமல் சொல்லாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நீங்கள் ஆர்டர் கொடுக்காவிட்டால் ஒப்பந்தமே இல்லை. பணம் கட்டும் கடமையும் இல்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை. வியாபாரி ஒருவர் தவறுதலாக உங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போன பொருளை, உங்களுடையது போல் உபயோகித்தால், அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆவது பிரிவு. அடுத்த வீட்டுக்காரர் பார்சலாகவும் இருக்கலாமல்லவா? ஆகவே முதலில் விசாரியுங்கள். பெட்டியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏமாந்து பணம் கட்டிவிட்டால் வெட்கப்பட்டு மூடி மறைக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணமோசடிக்கு 1930. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்கும் பொறுப்பு இணைய வியாபார நிறுவனத்துக்கு உண்டு. அந்த நிறுவனத்தின் நம்பரை இணையத்தில் தேடாதீர்கள். அங்கும் போலி நம்பர் வைத்துக் காத்திருக்கிறார்கள்.

நாம் கேட்க வேண்டியவை

எச்சரிக்கையாக இருங்கள் என்று ஜனங்களுக்குப் புத்தி சொன்னால் மட்டும் போதாது. ஆச்சியின் பெயரும் போன் நம்பரும் அவனுக்கு எப்படிக் கிடைத்தன? யாரோ விற்றிருக்கிறார்கள், யாரோ வாங்கியிருக்கிறார்கள். நம் விலாசமே சரக்காகிவிட்டது.

பிரிட்டனில் 1971இலும் அமெரிக்காவில் 1970இலும் சட்டம் செய்தார்கள். கேளாமல் அனுப்பிய சரக்குக்கு விலை கேட்கும் உரிமை வியாபாரிக்கு இல்லை, வாங்கியவர் அதை அன்பளிப்பாக வைத்துக்கொள்ளலாம் என்பதே அதன் சாரம். இங்கும் அப்படித் தெளிவான விதி வேண்டும். அனுப்புகிறவரின் முழு விலாசமும் பேசக்கூடிய போன் நம்பரும் பார்சல் மேல் இருக்க வேண்டும். பிரித்துப் பார்த்த பிறகே பணம் கொடுக்கும் உரிமை வேண்டும். ஆர்டர் உண்டு என்று நிரூபிக்கும் பொறுப்பு மறுபடியும் அனுப்புகிறவனுக்கே போக வேண்டும்.

அதுவரை ஒரு காரியம் செய்வோம். தெருவுக்கு இரண்டு இளைஞர்கள் முன்வாருங்கள். தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டில் உங்கள் போன் நம்பரை எழுதி ஒட்டுங்கள். பார்சல் வந்தால், பணம் கொடுக்குமுன் அவர்கள் உங்களைக் கூப்பிடட்டும். எங்கள் தெருவில் ஆச்சியின் வீட்டுக் கதவில் முதல் சீட்டை நானே ஒட்டிவிட்டுத்தான் இங்கு வந்திருக்கிறேன்.