வெள்ளைப்படுதலுக்கு மாத்திரை: கூச்சத்தை விட்டுக் கேட்க வேண்டியவை

(நமது குடியிருப்பு மகளிர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைய பேச்சின் தலைப்பை நோட்டீஸ் போர்டில் "பெண்கள் உடல்நலம்" என்று போட்டிருக்கிறார்கள். அதில் தவறில்லை. லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டுகிற காகிதத்தில் அவ்வளவுதான் எழுத முடியும். ஆனால் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு நாம் பெயரைச் சொல்லியே பேசுவோம். வெள்ளைப்படுதல், அதில் வரும் துர்நாற்றம், அதற்காக வாயால் விழுங்கும் ஆன்டிபயாடிக் மாத்திரை. இதுதான் விஷயம்.

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் சீட்டிலும், மருத்துவர்களுக்கான வழிகாட்டு நெறிகளிலும் இருப்பதைத்தான் சொல்லப்போகிறேன். யாருக்கு எந்த மாத்திரை என்று நான் சொல்ல மாட்டேன். டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் நோயின் பெயர். வெள்ளைப்படுதல் என்பது ஒரு நோயின் பெயரே அல்ல, அது ஓர் அறிகுறி. மாதவிடாய்க்கு நடுவில், கர்ப்ப காலத்தில் எல்லாம் வாடையில்லாமல், அரிப்பில்லாமல் கொஞ்சம் படுவது இயற்கை. அதற்கு மருந்தே வேண்டாம்.

தொற்றாக வருவதில் மூன்று வகை முக்கியம். ஒன்று, பாக்டீரியல் வஜைனோசிஸ். யோனியில் இயல்பாகவே லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா குடியிருக்கிறது. அது உண்டாக்கும் அமிலம் அந்த இடத்துக்குக் காவல். நல்லவை குறைந்து, கார்ட்னரெல்லா போன்ற வேறு கிருமிகள் பெருகினால் மெல்லிய, சாம்பல் கலந்த வெண்மையான கசிவும் மீன் வாடையும் வரும். அரிப்பு பெரும்பாலும் இருக்காது. பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களுக்கு மிக அதிகமாக வருவது இதுதான்.

இரண்டாவது, கேண்டிடா என்ற பூஞ்சைத் தொற்று. திரிந்த பால் போலக் கெட்டியாக வெள்ளைப்படும். வாடை இருக்காது, ஆனால் அரிப்பும் எரிச்சலும் தாங்க முடியாது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது அடிக்கடி வரும். டாபாகிளிஃப்ளோசின் போல, சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் வரும். மூன்றாவது, டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி. மஞ்சளும் பச்சையும் கலந்து நுரையாகப் போகலாம். இது உடலுறவு மூலம் பரவுவது. கணவருக்கும் சேர்த்தே சிகிச்சை தர வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்? மூன்றுக்கும் மருந்து ஒன்றல்ல. மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் வேலை செய்யும். பூஞ்சைக்கு வேலை செய்யாது. அதோடு நிற்காமல், ஆன்டிபயாடிக் சாப்பிட்டதாலேயே பூஞ்சைத் தொற்று புதிதாகக் கிளம்பவும் செய்யும். அரிப்புக்காக ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டு, அரிப்பு அதிகமாகி, இன்னொரு ஆன்டிபயாடிக் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

மருந்துக்கடையில் மெல்லிய குரலில் "வெள்ளைப்படுது" என்று சொன்னால் சில இடங்களில் மூன்று மருந்துகள் சேர்ந்த ஒரு கிட் தந்துவிடுகிறார்கள். அசித்ரோமைசின், செக்னிடசோல், ஃபுளூகோனசோல் மூன்றும் அதில் இருக்கும். எதற்காவது கேட்கும் என்ற கணக்கு. ஆனால் கர்ப்பமாக இருக்கும் பெண் ஃபுளூகோனசோல் மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். கடைக்காரர் அதைக் கேட்பதில்லை. கூட்டமாக இருக்கும் கடையில் நாமும் சொல்வதில்லை. இன்னொரு பழக்கம், வயிற்றுப்போக்குக்கு வாங்கி மிச்சமான ஆஃப்லாக்சசின்–ஆர்னிடசோல் மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்வது. அடுத்த வீட்டு அக்காவுக்குக் கேட்டதே என்று அவரிடம் மீதமிருந்த நான்கு மாத்திரையை வாங்கிக்கொள்வதும் அதே ரகம்.

மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஆன்டிபயாடிக் என்றால் பெரும்பாலும் நெட்டுக்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடாதீர்கள் என்பதற்கான அடையாளம் அது. மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் இதைப் பற்றிப் பிரசாரமே செய்தது. ஒரு காசோலை வந்தால் தேதி, பெயர், தொகை, கையெழுத்து நான்கையும் பார்க்காமல் நாங்கள் கவுன்டரில் பணம் தர மாட்டோம். அதுபோல மாத்திரை அட்டையிலும் நான்கைப் பாருங்கள்: மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், காலாவதித் தேதி, சிவப்புக் கோடு.

சரி, டாக்டரைப் பார்த்தாயிற்று, பாக்டீரியல் வஜைனோசிஸ்தான் என்று சொல்லி மெட்ரோனிடசோல் எழுதிவிட்டார். நம் ஊரில் பொதுவாகக் கிடைப்பது 400 மி.கி. மாத்திரை. காலை ஒன்று, இரவு ஒன்று, 5 முதல் 7 நாட்கள் என்பது வழக்கமான அளவு. சாப்பாட்டுக்குப் பிறகு, நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். பயங்கரக் கசப்பு, அதனால் கடிக்காதீர்கள். வாயில் செம்புக்காசை வைத்தது போல ஓர் உலோகச் சுவை இருக்கும். சிலருக்குச் சிறுநீர் கொஞ்சம் கருமையாகப் போகும். இவை மருந்தை நிறுத்தியதும் சரியாகிவிடும், பயப்பட வேண்டாம்.

மூன்றாம் நாளே வாடை போய்விடும். உடனே "சரியாப் போச்சு" என்று அட்டையை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். அறிகுறி போனதும் கிருமி போய்விட்டது என்று அர்த்தமில்லை. எழுதிய நாள்வரை முடியுங்கள். ஒருவேளை மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டதென்றால் விட்டதை விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள்.

சிலருக்குக் கிளின்டாமைசின் எழுதுவார்கள். அதை முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, உடனே படுக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள். இல்லாவிட்டால் உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கும். இதைச் சாப்பிடும்போதோ, முடித்துச் சில வாரங்களுக்குள்ளோ தண்ணீராகப் பேதி போனால், ரத்தம் கலந்தால், வீட்டு வைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் போங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இந்த மாத்திரை பெரும்பாலானவர்களுக்குப் பாதுகாப்பானதுதான். நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளோடு அது சேரும்போதுதான் ஆபத்து. டாக்டருக்கு அது தெரியாவிட்டால் அவரால் தடுக்க முடியாது.

என் நாத்தனார் இதயத்தில் செயற்கை வால்வு பொருத்திக்கொண்டவர். ரத்தம் உறையாமல் இருக்க அசெனோகூமரால் சாப்பிடுகிறார். போன வருஷம் இந்தத் தொந்தரவு வந்தபோது, இதய டாக்டரிடம் இதைப் போய்ச் சொல்வதா என்று கூச்சப்பட்டு, கடையில் கேட்டு மெட்ரோனிடசோல் வாங்கிச் சாப்பிட்டார். ஐந்தாம் நாள் பல் தேய்க்கும்போது ஈறிலிருந்து வந்த ரத்தம் நிற்கவில்லை. கையில் காரணமில்லாமல் நீலம் நீலமாகத் திட்டு. ஐ.என்.ஆர். பரிசோதனை செய்தால், இருக்க வேண்டிய அளவைவிட மிக அதிகம். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். நல்லவேளை, ஈறில் வந்த ரத்தம் மூளையில் வரவில்லை. வார்ஃபரின், அசெனோகூமரால் வகை மாத்திரைகளின் வேகத்தை மெட்ரோனிடசோல் கூட்டிவிடும். ஃபுளூகோனசோலும் அப்படித்தான். முன்பே சொல்லியிருந்தால் டாக்டர் வேறு மருந்து தந்திருப்பார், அல்லது அளவைக் குறைத்து அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்திருப்பார்.

அதேபோல, மனநலத்துக்கு லித்தியம் சாப்பிடுபவர்கள், வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுபவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், மதுப் பழக்கத்தை நிறுத்த டைசல்ஃபிரம் சாப்பிடுபவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மதுவைப் பற்றி ஒரு வார்த்தை. மெட்ரோனிடசோல் சாப்பிடும்போது மது கூடாது என்று மருந்துச் சீட்டிலேயே இருக்கும். முகம் சிவந்து, வாந்தி, தலைவலி, படபடப்பு வரும் என்பது காரணம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-இல் வெளியிட்ட நெறிமுறையில் இந்தத் தடை அவசியமில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் மருந்துச் சீட்டில் உள்ளபடி மருந்து முடியும்வரையும், முடிந்த பிறகு ஓரிரு நாளும், டினிடசோல் என்றால் மூன்று நாளும் தவிர்ப்பதில் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. "எங்களுக்கு எதுக்கு இந்தப் பேச்சு?" என்று நினைப்பீர்கள். வெள்ளைப்படுதலுக்கு நம் வீடுகளில் அசோகாரிஷ்டம் குடிக்கும் பழக்கம் உண்டு. அரிஷ்டம் எல்லாமே புளிக்கவைத்துத் தயாரிப்பது, அதில் தானாக உண்டாகும் ஆல்கஹால் இருக்கும். சில இருமல் மருந்துகளிலும் உண்டு. லேபிளைப் பாருங்கள். சித்த, ஆயுர்வேத மருந்து எதுவானாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கர்ப்பிணிகள் பயந்துகொண்டு சிகிச்சையே எடுக்காமல் இருக்கக் கூடாது. இந்தத் தொற்று குறைமாதப் பிரசவத்தோடு தொடர்புடையது. கர்ப்பத்திலும் மெட்ரோனிடசோல் தரலாம், ஆனால் டாக்டர் பார்த்துத் தர வேண்டும். டினிடசோலைத் தவிர்ப்பார்கள். பால் கொடுக்கும் தாய்மார்களும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மாத்திரையை உடனே நிறுத்த வேண்டிய நேரமும் உண்டு. உடம்பெல்லாம் தடிப்பு, முகம் உதடு வீக்கம், மூச்சுத் திணறல் வந்தால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கை கால் மரத்துப்போவது, ஊசி குத்துவது போல இருப்பது, நடை தள்ளாடுவது, வலிப்பு வருவது இவையும் எச்சரிக்கை. நீண்ட நாள் சாப்பிட்டால்தான் பெரும்பாலும் இப்படி வரும். அதனால்தான் பழைய சீட்டைக் காட்டித் திரும்பத் திரும்ப வாங்காதீர்கள் என்கிறேன்.

முழுதாகச் சாப்பிட்டும் திரும்ப வருகிறதே என்று கேட்பீர்கள். வரும். ஒரு வருஷத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்ப வருகிறது. அது உங்கள் சுத்தக் குறைவு அல்ல. சோப்பு, டெட்டால், வாசனைத் திரவம் போட்டு உள்ளே கழுவுவதால்தான் நல்ல பாக்டீரியா இன்னும் குறையும். வெளியே வெறும் தண்ணீரில் கழுவினால் போதும்.

பாக்டீரியல் வஜைனோசிஸ் வந்ததாலேயே கணவர் மனைவியையோ, மனைவி கணவரையோ சந்தேகப்பட இடமில்லை. உடலுறவோடு அதற்குத் தொடர்பு உண்டு, ஆனால் அது நடத்தைக்குச் சான்றிதழ் அல்ல. திரும்பத் திரும்ப வந்தால் கணவரையும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். 2025-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், கணவருக்கும் சேர்த்து மாத்திரையும் கிரீமும் கொடுத்தபோது திரும்ப வருவது நன்றாகக் குறைந்தது.

மாதவிடாய் நின்ற என் வயதுக்காரர்களுக்கு ஒன்று. நமக்கு ரத்தம் கலந்தோ, பழுப்பாகவோ பட்டால் அதற்கு ஆன்டிபயாடிக் போட்டுப் பார்ப்பதே தவறு. கர்ப்பப்பை, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். எந்த வயதிலும் காய்ச்சல், அடிவயிற்று வலி சேர்ந்தால் காத்திருக்காதீர்கள்.

நம் வீடுகளில் வேலை செய்யும் பெண்களுக்கும் இதைச் சொல்லுங்கள். டாக்டர் ஃபீஸுக்குப் பயந்துதான் அவர்கள் கடையில் வாங்குகிறார்கள். பெரிய அரசு மருத்துவமனைகளில் "சுகவாழ்வு மையம்" என்று இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. பரிசோதனை, மருந்து, ஆலோசனை எல்லாம் இலவசம். ஒரு மணி நேரம் அனுமதி கொடுத்து அனுப்பினால் பெரிய உதவி.

டாக்டரிடம் போகும்போது ஒரு துண்டுக் காகிதத்தில் இதை எழுதி எடுத்துப் போங்கள்: எத்தனை நாளாக, என்ன நிறம், வாடை உண்டா, அரிப்பு உண்டா, கடைசி மாதவிடாய் எப்போது, தினமும் சாப்பிடும் மருந்துகள் என்னென்ன, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் காகிதத்தை நீட்டிவிடுங்கள். டாக்டருக்கு அதுவே போதும்.

சந்தேகம் உள்ளவர்கள் இப்போது கேட்கலாம். எல்லார் முன்னாலும் கேட்கத் தயங்குபவர்கள் கூட்டம் முடிந்ததும் தனியாக வாருங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அதற்கு மேல் என்றால் டாக்டரிடம் துணைக்கு வருகிறேன்.