வாத்தியார்மாருக்கும் படிப்பு வேண்டும்

(தோட்டப் பாடசாலைப் பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர்கள் சார்பில் ஆற்றிய உரை)



வேலை முடிந்த களைப்போடு வந்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. "வாத்தியார்மார் அடிக்கடி செமினாருக்குப் போறாங்க. படிச்சுத்தானே வேலைக்கு வந்தாங்க, இன்னும் என்ன படிப்பு?" என்று கொழுந்து மலையில் பேசிக்கொள்கிறீர்கள். கேள்வி நியாயமானது. பதில் சொல்வது எங்கள் கடமை.

பழைய தோட்டப் பள்ளிக்கூடம் உங்களுக்குத் தெரியும். ஒரே கட்டடம், ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு. 1970களில் அரசாங்கம் இவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. 1990களில் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. ஆனாலும் எல்லாரும் பயிற்சி பெற்றே வகுப்புக்குள் போகவில்லை. 2015இல் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களை நியமித்தபோதும், உயர்தரம் சித்தியடைந்தவர்கள் முதலில் வகுப்புக்குப் போனார்கள், பயிற்சி பிறகுதான்.

நாங்களும் அப்படி வந்தவர்களே. மூன்றாம், நான்காம் ஆண்டுகளை ஒன்றாகப் பார்க்கச் சொன்னார்கள். ஒரு வகுப்புக்குப் பாடம் சொல்லும்போது மற்றதைக் கரும்பலகையைப் பார்த்து எழுத விட்டோம். சத்தம் போட்டால் பிரம்பு. வேறு வழி தெரியாது. எழுத்துக் கூட்டத் தெரியாமலே சில பிள்ளைகள் மேல்வகுப்புக்குப் போய்விட்டார்கள். அந்தக் குறை இன்னும் எங்கள் மனதில் இருக்கிறது.

பல்தர வகுப்புக் கற்பித்தலைப் பயிற்சியில்தான் படித்தோம். விஷயம் ஒன்று, வேலை மட்டும் வேறு வேறு. இப்போது கணக்கை உங்கள் கொழுந்திலிருந்தே எடுக்கிறோம். மூன்று நிறுவை: 7, 6, 8 கிலோ. மூன்றாம் ஆண்டு கூட்டுகிறது, 21. நிறுவைக்கு 2 கிலோ கழிவு. நான்காம் ஆண்டு பெருக்கிக் கழிக்கிறது, 15. 18 கிலோவுக்கு ஒரு பேர் என்றால் எவ்வளவு குறைவு? "அம்மா குறைச்சு எடுக்கல டீச்சர், கழிச்சதுதான் கூட" என்றது ஒரு பிள்ளை. அன்றைக்குப் பிரம்பு தேவைப்படவில்லை.

இது ஒரு நாள் செமினாரில் வந்துவிடாது. ஆசிரிய ஆலோசகர் சொல்லித் தருவது ஒரு பங்கு. திரும்பி வந்து செய்து பார்ப்பதுதான் பெரிய பங்கு. எங்கள் அதிபர் பின்வாங்கில் வந்து உட்காருகிறார். குற்றம் பிடிக்க அல்ல. எந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை என்று பார்க்க. கிழமைக்கு ஒரு நாள், பள்ளி விட்ட பிறகு, எல்லாரும் கூடி அதைப் பற்றிப் பேசுகிறோம். இதைத்தான் வாண்மை விருத்தி என்கிறார்கள்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். பயிற்சிக்குப் போய் வந்தால், "என்ன டீச்சர், என்ன படிச்சிட்டு வந்தீங்க?" என்று கேளுங்கள். வகுப்பிலே ஒன்றும் மாறவில்லை என்றால் அதிபரிடம் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. அடுத்தது, நாங்கள் பயிற்சிக்குப் போகிற நாளிலும் பிள்ளையை மறிக்காமல் அனுப்புங்கள். எல்லாரும் ஒரே நாளில் போகாமல், முறைவைத்துப் போகிறோம்.

கவ்வாத்து வெட்டின மலையில் கொஞ்ச நாளைக்குக் கொழுந்து இல்லை. அதற்காக வெட்டாமல் விடுவதுண்டா? நீங்கள் அறியாததை நாங்கள் சொல்லவில்லை.